ஒன்பது வீடுகளின் சரித்திரம்

எனக்கு ஓரிடத்தில் இருந்து எழுத வருவதில்லை. ஒரு பந்தி எழுதியதும் எழும்பி ஜன்னலடிக்குப் போகிறேன். தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுகிறேன். அது கொதிக்கும் முன்பே அணைத்துவிட்டு வருகிறேன். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். அது முழு உண்மையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொலைபேசியில் நான் சொன்ன ஒரு புத்தியால் என் தங்கையின் கணவர் இறந்துபோனார். அந்தப் பழியைத் தங்கை தன் மகன்மேல் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்துதான் இந்த அளவுக்கு.

இங்கிலாந்தின் ஒரு மூலையில் ஒன்பது வீடுகள் மட்டும் இருந்த ஒரு குக்கிராமத்தின் சரித்திரத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தியைச் சொல்லியிருக்கமாட்டேன். ஆகவே அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் படிப்பித்தவன் நான். மனைவி முன்பே காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் நடுவில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அகதியாக லண்டன் வந்தேன். ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. பகலில் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காசு வாங்கும் வேலை. கூட வேலை செய்த எங்கள் பெடியன்கள் என்னை மாஸ்டர் என்பார்கள். அதைக் கேட்டு வாடிக்கையாளர்கள் சிலரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. சனிக்கிழமைகளில் வந்து, தன் பழைய காருக்குக் கொஞ்சமாகப் பெற்றோல் அடித்துவிட்டு, நிறையக் கதைத்துவிட்டுப் போவார். ஒருநாள் என் ஊரைப் பற்றிக் கேட்டார். வடக்கே, கடலுக்குக் கிட்ட என்றேன்.

"போய்ப் பார்ப்பதுண்டா?"

"இப்போது முடியாது. ஆமி நிற்கிறது."

"என்னுடைய ஊரிலும்தான்" என்றார். "ஆனால் எங்களுடைய சொந்த ஆமி."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் மிச்சக் காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு மீதியைச் சொன்னார். தென்மேற்கில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் அவர் பிறந்த ஊர் இருந்தது. ஒன்பது வீடுகள், ஒரு குளம், ஒரு சின்னத் தேவாலயம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, படைக்குப் பயிற்சிக்கு வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் அரசாங்கம் கேட்டது. சில வாரங்களில் எல்லோரும் வெளியேறவேண்டும், போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்றார்கள். போர் முடிந்தது. ஊரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அங்கே டாங்கிகள் ஓடுகின்றன.

அன்று அந்த ஊர்ப் பைத்தியம் பிடித்தது என்னை. ஓய்வு நாட்களில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறி நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் போகத் தொடங்கினேன். காப்பகத்தில் பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பென்சிலுக்கு மட்டும் அனுமதி. கல்லூரியில் நான் ராசாக்களைப் படிப்பித்தவன். இந்த ஊருக்குப் பக்கத்தால்கூட ஒரு ராசா போனதில்லை. பழைய வரிப் பதிவொன்றில் ஒரு ஆலையும் நாலைந்து குடும்பமும் வருகின்றன. பிறகு கொள்ளைநோய் வந்து பாதியைக் கொண்டுபோகிறது. பிறகு மனிதரைவிட ஆடுகள் பெருகுகின்றன. பொது மேய்ச்சல் நிலத்தைப் பெரிய வீட்டுக்காரர் வேலி போட்டு எடுத்துக்கொள்கிறார். ஒரு பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகள் போதாமல் மூடுகிறது. குதிரைக்கு லாடம் அடித்தவரின் பேரன் சைக்கிள் திருத்துகிறான். இவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்பது வீடுகளில் யார் யாருக்குப் பிறகு இருந்தார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு இருக்கும்வரை, ஊரிலிருந்து வரவேண்டிய கடிதம் ஏன் இன்னும் வரவில்லை என்ற நினைப்பு என்னை விட்டுவைத்தது. வெளியே வந்து படிக்கட்டில் கால் வைத்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால் ரயிலில்கூட உட்காராமல் கதவடியில் நின்றே வருவேன்.

கிழவரிடம் கேட்டுக் கேட்டுத் துளைத்தேன். அவர்கள் வெளிக்கிட்ட நாளைப் பற்றி ஒரு சனிக்கிழமை சொன்னார். அவருடைய தாய் எல்லாச் சாமான்களையும் வண்டியில் ஏற்றிய பிறகு, திரும்ப உள்ளே போய், இரும்பு அடுப்புக்குக் கறுப்புப் பொலிஷ் போட்டுத் துடைத்தாளாம். ஆமிக்காரர் வந்து பார்த்து, இந்த வீட்டுக்காரி சோம்பேறி என்று நினைக்கக்கூடாதாம்.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, நகரசபை கொடுத்த கவுன்சில் வீடு. திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும் குழாய். அம்மா பழைய வீட்டை நினைத்து அழுவாள். அழுதுகொண்டே குழாயைத் திறந்து பார்ப்பாள், மூடிப் பார்ப்பாள்." கிழவர் சிரித்தார். "முதலில் வெளிக்கிட்டது நாங்கள்தான் மாஸ்டர், அதனால் நல்ல வீடு கிடைத்தது. கடைசிவரை மாட்டேன் என்று நின்றவர்களுக்கு மிஞ்சிக் கிடந்ததுதான். ஆனால் ஒருவரும் சாகவில்லை."

இதைக் கேட்டேன். நன்றாகவே காதில் விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

கட்டுரையைத் தமிழில் எழுதி வெம்பிளியில் ஒரு மண்டபத்தில், நம்மவர்களின் கூட்டத்தில் வாசித்தேன். அடுப்புப் பொலிஷ் வந்த இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "வீட்டை விட்டுப் போனவர்களுக்கு அந்த வீடு திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை" என்று முடித்தேன். அது பொய் என்று ஒரு சரித்திர ஆசிரியனுக்குத் தெரியாமல் இருக்கமுடியாது. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "மாஸ்டர், வெள்ளைக்காரன்ர ஊரைச் சொல்லி எங்கட நெஞ்சில குத்திப்போட்டியள்" என்றார். அந்தப் பாராட்டோடு ரெய்னர்ஸ் லேன்வரை வந்தேன்.

தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் எழுதவில்லை. அது கட்டுரைக்கு ஒத்துவரவில்லை.

அதற்குப் பிறகு கனநாள் ஆகவில்லை, தங்கையின் மகன், என் மருமகன், கொழும்பிலிருந்து அழைத்தான். அறைக்கு வெளியே, நடையில் வைத்திருந்த பொதுத் தொலைபேசியில் எடுத்தேன்.

"மாமா, அப்பான்ர மூச்சிழுப்புக்கு மருந்து வாங்க வந்தனான். நாளைக்குத் திரும்பிப் போறன்."

"அங்க எப்பிடி, தம்பி?"

"ஆமிக் காம்பில இருந்து ஷெல் அடிக்கிறாங்கள். எங்கட ஒழுங்கையில பாதிச் சனம் வெளிக்கிட்டிட்டுது. அம்மா போவம் எண்டுறா. அப்பா ஓமெண்டும் சொல்லுறார் இல்லை, இல்லையெண்டும் சொல்லுறார் இல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எங்கள் குடும்பத்தில் கலியாணமோ கிணறு வெட்டுவதோ, கடைசி வார்த்தை என்னுடையது. படித்தவன் என்பதைவிட வேறு காரணம் இல்லை. வெளிநாடு வந்த பிறகு அந்த வார்த்தைக்கு இன்னும் கனம் கூடியிருந்தது. ஷெல் சத்தம் கேட்காத இடத்தில் இருப்பவன் தெளிவாக யோசிப்பான் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

"போகவேண்டாம் தம்பி. விட்டிட்டுப் போனா அது போனதுதான். இஞ்ச ஒரு ஊர் இருக்கு, கேள்…" என்று தொடங்கினேன். தொலைபேசிக் கம்பி எவ்வளவு தூரம் வந்ததோ அவ்வளவு தூரம் நடந்து நடந்து, ஒன்பது வீடுகளின் சரித்திரத்தையும் சொன்னேன்.

"மாமா, காசு ஓடுது."

"சுருக்கமாத்தான் சொல்லுறன்."

"அப்ப இருக்கச் சொல்லுறியள்."

"ஓம், இருங்கோ. ஷெல் எப்பவோ நிக்கும். வீடு நிக்கும்."

தங்கையின் கணவர் என்னைவிட மூத்தவர், எனக்கு அத்தான். அவருக்கும் எனக்கும் பேச்சில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, வாசல் படலையடியில் நாலு பேருக்கு முன்னால், "பிள்ளையளுக்கு நாட்டுச் சரித்திரம் படிப்பிச்சவர், நாட்டை விட்டு ஓடுறார்" என்று சொன்னவர் அவர். லண்டன்காரர் புத்தி சொல்லவேண்டாம் என்பது அவர் கொள்கை. ஆகவே மருமகன் ஊருக்குத் திரும்பிப் போய் என் பெயரை எடுக்கவில்லை. போகவேண்டாம், வீட்டை விட்டால் போச்சு என்று தன் சொந்த யோசனைபோலச் சொன்னான். ஒரே மகன், படித்துக்கொண்டிருந்தவன். அவன் சொல்லை அத்தான் கேட்டார். தங்கை கட்டி வைத்த மூட்டைகளை அவிழ்த்தாள்.

மாரி தொடங்கும்வரை இருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டின் கூரையில் ஷெல் விழுந்த பிறகுதான் ஓடினார்கள். அத்தானைச் சைக்கிள் கரியரில் வைத்து மருமகன் தள்ளிக்கொண்டு போனான். அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகளை முந்தி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். பிந்தி வந்தவர்களுக்குத் திறந்த விறாந்தைதான். தூவானம் அடித்துச் சீமெந்து ஊறிக் கிடந்தது. இழுப்புக்காரர் அந்த ஈரத்தைத் தாங்கவில்லை.

ஊரில் தொலைபேசி இல்லாததால், பல மாதம் கழித்துத்தான் மருமகன் கொழும்புக்கு வந்து எனக்கு அழைக்க முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "மாமா, நான் உங்கட பேரை ஒரு இடத்திலயும் சொல்லேல்லை" என்றான். "சொல்லியிருந்தா அப்பா அந்த நிமிசமே பெட்டியைக் கட்டியிருப்பார், உங்கட சொல்லுக்கு மாறாச் செய்யிறதுக்கெண்டே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு அவன் அழுதான். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார்.

"அம்மாவுக்கும் தெரியவேண்டாம் மாமா. அவவுக்கு இனி நீங்கள்தானே."

"சரி" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் செய்த பெரிய பிழை முதலில் சொன்ன அந்தப் புத்தி அல்ல என்று சில நாட்களில் தோன்றும். இந்தச் 'சரி'தான்.

தொண்ணூறுகளின் நடுவில் தங்கையும் மருமகனும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். கோலியர்ஸ் வுட்டில் கவுன்சில் கொடுத்த ஒரு ஃபிளாட். மருமகன் சுப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிக்காடில்லி லைனில் ஏறி, பாதியில் நோதேர்ண் லைனுக்கு மாறிப் போவேன். போய்ச் சேர மனம் வராமல் ஒரு ஸ்டேஷன் முந்தியே இறங்கி நடப்பேன். பிந்திப் போனால் அவள் பயப்படுவாள் என்று பிறகு ஓடுவேன்.

அங்கே எப்போதும் ஒரே பாட்டுத்தான்.

"உப்பை எடடா எண்டா சீனியை எடுத்துத் தாறான். பாருங்கோ அண்ணை, இவன்ர புத்தியை."

"ரெண்டும் ஒரே மாதிரிப் போத்தல், அம்மா."

"எல்லாத்துக்கும் ஒரு நியாயம் வைச்சிருப்பான். அண்டைக்கும் இப்பிடித்தான் ஒரு நியாயம் சொன்னான். அதைக் கேட்டு நான் தாலியைக் குடுத்தன்." பிறகு என் பக்கம் திரும்புவாள். "கொழும்புக்குப் போனவன், உங்களுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமெல்லோ. நீங்கள் சொல்லியிருப்பியள், உயிரைக் காப்பாத்துங்கோ எண்டு."

மருமகன் என்னைப் பார்க்கமாட்டான். ஒருதரம் பார்த்திருந்தால்கூட நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்பேன். அவள் எழும்பிக் குசினிக்குப் போவாள். நானும் எழும்பி பல்கனிக்குப் போவேன். அவன் அந்த வீட்டில் ஒரு வேலைக்காரனைப்போல இருந்தான். ஒரு பெண்ணை விரும்பினான். உன் தெரிவு எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும் என்று தாய் ஒரே வார்த்தையில் முடித்தாள். அப்போதும் நான் தேத்தண்ணிதான் கேட்டேன்.

அந்த வருஷங்களில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வெம்பிளிக்கு மாறினேன். வெம்பிளி பிடிக்காமல் திரும்பி வந்தேன். பெற்றோல் நிலையத்துக்கு அந்தக் கிழவர் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அவர் வீட்டு விலாசம்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அவருடைய ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களை எனக்குத் தெரியும், அவர் லண்டனில் எந்தத் தெருவில் இருந்தார் என்று தெரியாது.

பிறகு ஒருநாள் கடைக்காரர் ஒருவர் தங்கையிடம், "உங்கட அண்ணை வெள்ளைக்கார ஊரொண்டைப் பற்றி ஒருக்கா வாசிச்சவர், சனம் அழுதது" என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்று நின்றாள். நான் ஒருதரம் போய் வந்ததை மறைத்து, ஆமி விடாது என்றேன். விடுமுறை நாட்களில் பாதையைத் திறந்து விடுவார்கள் என்று மருமகன் விசாரித்துக்கொண்டு வந்தான். அவனிடம் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. "போவம் மாமா" என்றான். அவன் கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை.

ஓகஸ்ட் மாத விடுமுறையில் போனோம். பாதை ஓரமெல்லாம், விலகி நடக்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம் என்ற பலகைகள். மருமகன் வாசித்துச் சொன்னான். "இஞ்சையும் அதுவோ?" என்றாள் தங்கை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊரில் நடந்து பழகிய மாதிரியே, முன்னால் போனவனின் அடியில் அடி வைத்து நடந்தாள்.

கூரை இல்லாத சுவர்கள். குளத்தில் பாசி. நான் முன்பும் தனியாக ஒருதரம் வந்திருந்ததால் எந்த வீடு எது என்று தெரியும். மருமகன் குளத்தைப் படம் எடுக்கப் போனான். நாங்கள் இருவரும் கிழவர் பிறந்த வீட்டுக்குள் நின்றோம். சுவரோடு கட்டிய அந்த இரும்பு அடுப்பு, துருப்பிடித்து, கதவு கழன்று, இன்னும் இருந்தது. அவள் கேட்டதால் பொலிஷ் போட்ட கதையைச் சொன்னேன். சபையில் சொன்னதுபோல் அல்ல, கிழவர் சொன்னதுபோலவே முழுதாகச் சொன்னேன். அழுதுகொண்டே குழாயைத் திறந்து மூடியதையும் சொன்னேன்.

"அப்ப சனமெல்லாம் உயிரோட இருந்துதோ?"

"ஓம். எல்லாரும்."

"புத்தியுள்ள மனிசி." அடுப்பின் மேல் விரலால் தடவி, துருவைப் பார்த்தாள். "நானும் அண்டைக்கு மூட்டையைக் கட்டிப்போட்டு, குசினியைக் கூட்டி, அடுப்பையும் மெழுகிப்போட்டு நிண்டனான் அண்ணை. ஆர் வந்தாலும் பாக்க வடிவாயிருக்கட்டும் எண்டு. இவன் வந்து மறிச்சுப்போட்டான்."

"அவன் மறிக்கேல்லை" என்றேன். "நான்தான் மறிச்சனான்."

அவள் விளங்காமல் பார்த்தாள். கொழும்பிலிருந்து அவன் என்னைக் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், அவன் ஏன் என் பெயரை மறைத்தான் என்பதையும் சொன்னேன். நான் நடக்காமல் ஓரிடத்தில் நின்று பேசியது வருஷக்கணக்கில் அதுதான் முதல்முறை. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்தக் குழாயின்ர கதை அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அவள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு வெளியே போய், குளத்தடியில் நின்ற மகனைக் கொஞ்ச நேரம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரும்போது முன் ஆசனத்தில் இருந்தவள், திரும்பும்போது பின்னால் ஏறிக்கொண்டாள். மோட்டர்வேயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். அவள் கழிப்பறைக்குப் போனதும் மருமகன், "அம்மா ஏன் என்னை ஏசாமல் வாறா? சுகமில்லையோ?" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன்.

சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தேன். அவன் கார்ச் சாவியை மேசையில் போட்டான்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"நீ எவ்வளவு காலத்துக்கு, தம்பி…"

"எனக்குப் பழகீட்டுது மாமா. மகனை ஏசலாம், ஏசிப்போட்டுச் சோறு போடலாம். உங்களை அவ ஏசுவாவோ? அண்ணையை அவவால ஏச ஏலுமோ?" அவன் குரல் உயர்ந்து, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பாவும் இல்லை. இப்ப அவவுக்கு அண்ணையும் இல்லை. உங்களுக்குப் பாரம் குறைஞ்சுதெல்லோ, அது காணும்."

அவள் வருவதைக் கண்டு நிறுத்திக்கொண்டான். காரில் ஏறிய பிறகு, கனநேரம் கழித்து, பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "மெல்ல ஓட்டு ராசா." அவன் வேகத்தைக் குறைத்தான். அவளை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் சொன்னது சரி. அந்தச் சரியையும் என் பிழையையும் வைத்துக்கொண்டுதான் இந்த அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அவள் அவனை ஏசுவதை விட்டுவிட்டாள். அவன் விரும்பிய பெண்ணுக்கு அதற்குள் வேறிடத்தில் கலியாணம் முடிந்திருந்தது. பிறகு தங்கை அவனுக்கு ஒரு பெண்ணைத் தேடவில்லை, உனக்குப் பிடித்ததைச் செய் என்றாள். அவன் செய்தான். அவன் கலியாணத்துக்கு என்னைத் தங்கை கூப்பிட்டாள், மகனின் வாயால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். கட்டுரையில் விட்டதைச் சேர்த்துத் திருத்தி எழுதி ஒருதரம் கொண்டுபோனேன். மருமகன் வாங்கி மேசையில் வைத்தான். அது அங்கேயே, பத்திரிகைகளோடு, கனநாள் கிடந்தது. அவள் குசினி வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், "அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று மகனிடம் சொல்வாள். அண்ணை என்ற சொல் அதில் இருக்காது.

மருமகன் என்னைப் பார்ப்பான். இப்போதெல்லாம் அவன் என்னைப் பார்க்கிறான்.

"ஓம் எண்டு சொல்லு" என்று நானும் அவனிடமே சொல்லிவிட்டு, எழும்பிப் பல்கனிக்குப் போகாமல் இருக்கப் பார்க்கிறேன்.